கடைசி மூன்று நாளில் குஞ்சுகள் ஏன் ஓட்டுக்குள்ளே சாகின்றன? கொழும்பு வீட்டு இன்கியுபேட்டருக்கு அறிகுறிவாரியான பிழை நீக்கம்

கோழி முட்டையைச் சூட்டில் வைத்துக் குஞ்சு பொரிக்கவைக்கும் சின்னப் பெட்டிகளான இன்கியுபேட்டர்களுடன் வரும் கையேடு எங்கே வாங்கினாலும் ஏறத்தாழ ஒன்றுதான். பெட்டியைத் திற, தொட்டிக்குத் தண்ணீர் விடு, முட்டையை அடுக்கு, 21 நாள் பொறு. வறண்ட ஊருக்கு அது சரி. குசினியில் உப்புப் போத்தலே கசிந்து கட்டிபடும் கொழும்பில், அந்தத் தண்ணீர் பல குஞ்சுகளை ஓட்டுக்குள்ளேயே முடித்துவிடுகிறது. முட்டை பொரிக்கவில்லை என்று யார் வந்து சொன்னாலும் நான் முதலில் கேட்பது, "எவ்வளவு தண்ணி விட்டனீங்கள்?" என்பதைத்தான்.

கீழே உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஆனால் முதல் தலைப்பை மட்டும் தாண்டாதீர்கள். வெப்பமானி பொய் சொன்னால் மிச்சம் எல்லாம் வீண் வேலை.

எந்த அறிகுறியாக இருந்தாலும்: முதலில் வெப்பமானியைச் சோதியுங்கள்

மூடியில் 37.5 என்று எழுத்து மின்னுவதால் உள்ளே 37.5 பாகை இருக்கிறது என்று அர்த்தமில்லை. மலிவான பெட்டிகளில் ஒரு பாகை வரை வித்தியாசம் வருவது சாதாரணம். முட்டைக்கு ஒரு பாகை என்பது பெரிய விஷயம்.

இதைச் சோதிக்கப் புதிதாக ஒன்றும் வாங்கத் தேவையில்லை. வீட்டில் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி 35 முதல் 42 பாகை வரையான சின்ன எல்லைக்குள் திருத்தமாகக் காட்டுவதற்காகவே செய்யப்பட்டது. நமக்கு வேண்டிய இடமும் அதுதான். ஒரு சின்னப் பொலித்தீன் பையில் தண்ணீர் நிரப்பி, காற்றில்லாமல் இறுகக் கட்டி, முட்டைகளுக்கு நடுவில் நான்கைந்து மணி நேரம் வையுங்கள். பிறகு மூடியைத் திறந்த கையோடு வெப்பமானியின் நுனியைப் பையோடு சேர்த்து மடித்துப் பிடித்துப் பாருங்கள். காற்று ஏறி இறங்கினாலும் பைத் தண்ணீர் சராசரியைத்தான் காட்டும். முட்டையின் உள்ளேயும் அப்படித்தான். 37.5 முதல் 37.8 வரை காட்டினால் நல்லது. பழைய வெப்பமானியில் பரனைட் இருந்தால் 99.5 முதல் 100 வரை.

இந்தக் கணக்கு ஃபேன் உள்ள பெட்டிக்கு. ஃபேன் இல்லாத, பல்ப் மட்டும் உள்ள ரெஜிபோம் பெட்டியில் மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு இருக்கும். அதில் முட்டையின் மேல்மட்டத்தில் 38.3 முதல் 38.9 வரை இருக்கவேண்டும். தரையில் வைத்து அளந்துவிட்டுச் சூடு போதாது என்று பல்பை மாற்றினால் மேலே முட்டை அவிந்துவிடும். என்னைக் கேட்டால், கணினியில் கழற்றிய பழைய 12 வோல்ட் ஃபேன் ஒன்றைப் பூட்டிவிட்டு இந்தத் தலையிடியையே விட்டுவிடலாம்.

ஈரப்பதன் காட்டும் கருவிக்கும் ஒரு சோதனை உண்டு. போத்தல் மூடி ஒன்றில் உப்பைப் போட்டுச் சில துளி தண்ணீர் விடுங்கள். ஈரமணல் போல இருக்கவேண்டும், கரையக்கூடாது. அதையும் கருவியையும் காற்றுப் புகாத பையில் அடைத்து ஓர் இரவு வைத்தால் கருவி 75 சதவீதம் காட்டவேண்டும். 68 காட்டினால் உங்கள் கருவி 7 குறைத்துச் சொல்கிறது. அந்தக் கணக்கை மேலே ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

சூடு நிலையாக நிற்கவில்லை, ஏறி இறங்குகிறது

சொந்தமாகப் பெட்டி கட்டுகிறவர்கள் பெரும்பாலும் சூட்டைப் பார்த்துப் பல்பைப் போட்டு அணைக்கும் டபிள்யூ-1209 என்ற சின்ன பலகையைத்தான் வாங்குகிறார்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவின் எலக்ட்ரோனிக்ஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பலகை நல்லது; ஆனால் அது தொழிற்சாலையிலிருந்து வரும் அமைப்பு முட்டைக்கு உதவாது.

செட் பொத்தானை ஐந்து செக்கன் அமர்த்திப் பிடித்தால் பி-0 என்று வரும். அதில் சி இருந்தால் பலகை குளிரூட்டும் வேலைக்கு அமைந்திருக்கிறது. சூடு ஏறினால் பல்பைக் கொளுத்தும், ஆறினால் அணைத்துவிடும். "சூடு ஏற ஏறப் பல்ப் எரியுது" என்று பயந்துபோய்ப் பலகையைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவர்களுக்கு இதுதான் விடை. எச் என்று மாற்றுங்கள். அடுத்தது பி-1. அதில் 2.0 இருக்கும், அதாவது 37.5இல் அணைந்தால் 35.5க்கு இறங்கின பிறகுதான் மறுபடி எரியும். அதை 0.3 ஆக்குங்கள். பி-4 திருத்தம்: வெப்பமானிச் சோதனையில் கண்ட வித்தியாசத்தை இங்கே போடலாம்.

அப்படியும் ஊஞ்சலாடினால் பல்பின் வலு கூட என்று எண்ணவேண்டும். பல்ப் அணைந்த பிறகும் சூடு சிறிது நேரம் ஏறிக்கொண்டே போகும். வலு குறைந்த இரண்டு பல்ப் போட்டால் ஒன்று எரிந்துபோனாலும் பெட்டி உடனே ஆறாது. எனக்குப் பிடித்த ஏற்பாடு அதுதான். பெட்டியின் மூலையில் ஒரு லீட்டர் தண்ணீர்ப் போத்தலை மூடி இறுக்கி வைத்தாலும் ஏற்ற இறக்கம் அடங்கும்.

பல்ப் அணையவே இல்லை என்றால் பலகையில் பல்பைப் போட்டு அணைக்கும் சுவிட்சான ரிலே ஒட்டிவிட்டது. இந்தப் பிழை வந்தால் முட்டை முழுதும் போய்விடும். 40 பாகைக்கு மேல் சில மணி நேரம் நின்றால் அந்தத் தொகுதியில் நம்பிக்கை வைக்க ஒன்றுமில்லை. இரண்டாவது தேர்மோஸ்டற் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) ஒன்றை 38.5இல் வைத்து, முதலாவதுடன் தொடராகப் பூட்டினால் ஒன்று ஒட்டினாலும் மற்றது வெட்டும். பல்புக்குப் போவது 230 வோல்ட், பெட்டிக்குள் இருப்பதோ ஈரம். வயர் வேலை தெரியாதென்றால் தெரிந்தவரைக் கொண்டு செய்வியுங்கள்.

ஏழாம் நாள் டோர்ச் அடித்தால் முட்டை வெறுமையாகத் தெரிகிறது

இரவில் லைட்டை அணைத்துவிட்டு, ஃபோன் டோர்ச்சை முட்டையின் மொத்த முனையில், அதாவது அகன்ற பக்கத்தில், அமர்த்திப் பிடியுங்கள். உயிருள்ள முட்டையில் ஒரு கறுத்தப் பொட்டும் அதிலிருந்து நாலா பக்கமும் ஓடும் சிவந்த நரம்புகளும் தெரியும். பொட்டு மெல்ல அசையும். வெறும் மஞ்சள் ஒளி மட்டும் தெரிந்தால் கரு கட்டவில்லை, அல்லது கட்டி முதல் நாளிலேயே போய்விட்டது.

எல்லா முட்டையும் அப்படி என்றால் இன்கியுபேட்டரைத் திட்டாதீர்கள். முட்டை எங்கேயிருந்து வந்தது என்று பாருங்கள். சுப்பர் மார்க்கட் முட்டை பொரிக்காது. முட்டைப் பண்ணைகளில் சேவலே வைப்பதில்லை. ஊர்க்கோழி முட்டை என்று கடையில் விற்பதும் அதே கதையாக இருக்கலாம். சேவலோடு திரியும் பேட்டின் முட்டையை, வளர்க்கிறவரிடமே நேரே வாங்குங்கள். ஒரு சேவலுக்கு எட்டு, பத்துப் பேடு அளவு. சேவலை விற்றுவிட்டால் அதற்குப் பிறகும் ஏறத்தாழ பத்து நாள் கருவுள்ள முட்டை கிடைக்கும், பிறகு குறைந்துகொண்டே போகும். "சேவல் போன மாதம்தான் போனது" என்றால் வாங்காதீர்கள்.

சிலது வெறுமை, சிலது நல்லது என்றால் சேவலின் வயது, கொழுப்பு, நெருக்கமான இரத்த உறவு என்று பல காரணம் இருக்கும். இன்கியுபேட்டருக்கு அதில் பங்கில்லை.

டோர்ச் வெளிச்சத்தில் இரத்த வளையம்

நரம்பு வலைக்குப் பதிலாக முட்டைக்குள் ஒரு சிவப்பு வட்டம் மட்டும் தெரிந்தால் கரு வளரத் தொடங்கி, சில நாளில் இறந்துவிட்டது. எடுத்து வெளியே போடுங்கள்.

கொழும்பில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. ஏறத்தாழ 20 பாகைக்கு மேல் இருந்தால் கரு முழுதாக உறங்காது. அரைகுறையாக வளர ஆரம்பிக்கும். இங்கே அறை வெப்பமே 28, 30. அடைக்கு வைக்குமுன் சமையலறைத் தட்டில் பத்து நாள் சேர்த்த முட்டைக்குள் கரு வளரவும் முடியாமல் உறங்கவும் முடியாமல் தேய்ந்துபோயிருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதும் விடையல்ல, 4 பாகை கருவுக்கு அதிகக் குளிர். 15 முதல் 18 பாகை இருந்தால் ஒரு வாரம் தாங்கும், அப்படியோர் இடம் நம் வீடுகளில் ஏது? ஆகவே மூன்று, நான்கு நாளைக்கு மேல் சேர்க்காதீர்கள். கூர் முனை கீழே இருக்கும்படி, வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில், வெயில் படாமல் வையுங்கள். 24 முட்டை நிரம்பட்டும் என்று காத்திருந்து எட்டுக் குஞ்சு பொரிப்பதைவிட, பன்னிரண்டு முட்டை வைத்துப் பத்துக் குஞ்சு எடுப்பது லாபம்.

யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ இரவு பஸ்ஸில் வந்த முட்டையா? முதலில் டோர்ச் பிடித்து மொத்த முனையைப் பாருங்கள். அங்கே காற்று நிற்கும் இடமான வளியறை ஒரே இடத்தில் நிற்காமல், முட்டையைச் சரிக்கும்போது நீர்மட்டக் கருவியின் குமிழி போல ஓடினால் குலுக்கலில் உள்சவ்வு விட்டிருக்கிறது. கூர் முனை கீழே வைத்து ஒரு நாள் முழுதாக ஆறவிடுங்கள். பெட்டிக்குள் வைத்த பிறகும் முதல் ஒரு நாள் புரட்டாதீர்கள். எல்லாம் தேறாது, ஆனால் கொஞ்சம் தேறும்.

இரண்டாம் வாரத்தில் சாகிறது

இது அரிது. கருவின் சாவு முதல் வாரத்திலும் கடைசி நாட்களிலும்தான் குவியும். நடு வாரத்தில் பல முட்டை போனால் தாய்க்கோழியின் தீனியைப் பாருங்கள். மிஞ்சின சோறும் தேங்காய்ச் சக்கையும் மட்டும் தின்கிற பேட்டின் முட்டையில் விற்றமின் போதாது. முக்கியமாக ரைபோஃபிளேவின் என்ற பி2. முட்டை சேர்க்கத் தொடங்குவதற்கு சில வாரம் முன்பிருந்தே முட்டைக்கோழித் தீனியும் கீரையும் கொடுக்கவேண்டும். விரல் உள்ளே சுருண்ட குஞ்சு பொரித்தாலும் முதல் சந்தேகம் இதே குறைதான்.

18ஆம் நாள் வரை எல்லாம் நல்லது. கடைசியில் ஓட்டுக்குள்ளேயே செத்துவிடுகிறது

என்னிடம் வரும் முறைப்பாடுகளில் மிகப் பெரும்பங்கு இதுதான். குஞ்சு முழுதாக வளர்ந்திருக்கும், இறகு இருக்கும், சொண்டு இருக்கும். ஆனால் ஓட்டைக் கொத்தியிராது. அல்லது ஒரு சின்ன விரிசலோடு நின்றிருக்கும்.

முட்டை அடையிலிருக்கும்போது ஓட்டின் நுண்துளைகள் வழியே தண்ணீரை இழந்துகொண்டே வரவேண்டும். வைத்தபோது இருந்த நிறையில் 18ஆம் நாளுக்குள் 11 முதல் 13 சதவீதம் வரை குறையவேண்டும். குறைந்த இடத்தில்தான் வளியறை பெருக்கிறது. குஞ்சு முதல் மூச்சை எடுப்பது வெளிக்காற்றிலல்ல, அந்த வளியறையில். பெட்டிக்குள் ஈரம் கூடினால் தண்ணீர் வெளியேறாது, வளியறை சின்னதாக நிற்கும், குஞ்சோ தண்ணீர் ஊறிப் பருத்திருக்கும். சொண்டை உயர்த்தித் திரும்ப இடமில்லை. கொத்தினால் மூக்குக்குள் நீர் போகும்.

கொழும்பில் தண்ணீர் விடாமலே ஏன் சரிவரும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். வெளியே 28 பாகை, ஈரப்பதன் 75 சதவீதம் என்று வையுங்கள். அதே காற்றை 37.5 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதன் ஏறத்தாழ 44 சதவீதமாக இறங்கும். மழைக்காலத்தில் 30 பாகையும் 80 சதவீதமும் இருந்தால் உள்ளே ஏறத்தாழ 52. முதல் 18 நாளுக்கு முட்டை கேட்பது 45 முதல் 55. கடற்கரையோரத்துக் காற்றே அதைக் கொண்டுவந்து தருகிறது. அதற்கு மேல் கையேட்டின்படி தொட்டியையும் நிரப்பினால் 65, 70 என்று ஏறிவிடும்.

இதற்கு ஒரு விதிவிலக்கு, ஏ.சி. அறை. 25 பாகை, 55 சதவீதம் உள்ள காற்று சூடானதும் 27 சதவீதத்துக்கு வந்துவிடும். அங்கே தண்ணீர் வேண்டும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாடிவீடுகளில் பெட்டியைப் படுக்கையறையில் வைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். பகலில் ஏ.சி. இல்லை, இரவில் உண்டு என்றால் பெட்டியை வேறு அறைக்கு மாற்றுவதே சுகம்.

ஈரப்பதன் கருவியை நம்பி நடப்பதைவிடத் தராசை நம்பி நடப்பது நல்லது. சமையலறை டிஜிட்டல் தராசு போதும். பத்து ஊர்க்கோழி முட்டை 450 கிராம் என்று வையுங்கள். ஏழாம் நாள் 429க்குக் கிட்ட, 14ஆம் நாள் 408க்குக் கிட்ட, 18ஆம் நாள் 396க்குக் கிட்ட நிற்கவேண்டும். ஏழாம் நாள் 440 காட்டினால் ஈரம் கூட: தண்ணீரை முற்றாக எடுத்துவிட்டு, காற்றுத் துளைகளைத் திறந்துவிடுங்கள். 420 காட்டினால் வறட்சி: ஒரு சின்ன மூடி அளவு தண்ணீர் வையுங்கள். இடையில் கெட்ட முட்டையை எடுத்தால் கணக்கு உதைக்கும், எனவே ஒவ்வொரு முட்டையிலும் தொடக்க நிறையைப் பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனை மை வேண்டாம்.

சாவுக்கு ஈரம்தான் காரணமா என்பதை உறுதிப்படுத்த, பொரிக்காத முட்டையை உடைத்துப் பார்க்கத்தான் வேண்டும். அருவருப்பான வேலை, ஆனால் இதைச் செய்யாதவர் அடுத்த தொகுதியிலும் அதே பிழையைத்தான் செய்வார். பழைய பத்திரிகைத் தாள் விரித்து, மொத்த முனையிலிருந்து ஓட்டை உரியுங்கள். குஞ்சைச் சுற்றி நீர் தேங்கி, உடம்பு ஊதி, பசை மாதிரி ஒட்டினால் ஈரம் கூடிவிட்டது. சவ்வு மஞ்சள் கபிலமாகக் காய்ந்து, குஞ்சின் மேல் இறுகச் சுற்றியிருந்தால் வறட்சி. பெரும்பாலும் கடைசி நாட்களில் மூடியைத் திறந்து திறந்து பார்த்ததால் வந்த வறட்சி. தலை கூர் முனைப் பக்கம் இருந்தால் முட்டையைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். சரியாக இருந்தால் தலை வலச் சிறகின் கீழே, சொண்டு வளியறையை நோக்கி இருக்கும். சவ்வு ஒரு பக்கம் ஓட்டோடு ஒட்டிக்கிடந்தால் புரட்டல் போதவில்லை.

புரட்டுவது பற்றி ஒரு வார்த்தை. மோட்டார் இல்லாதவர்கள் நாளுக்கு மூன்று அல்லது ஐந்து தடவை, ஒற்றைப்படையாகப் புரட்டவேண்டும். அப்போதுதான் நீண்ட இரவு முழுதும் ஒரே பக்கம் கிடப்பது மாறி மாறி வரும். ஒரு பக்கம் எக்ஸ், மறுபக்கம் ஓ என்று பென்சிலால் அடையாளம் வைத்தால் விட்டதும் தொட்டதும் தெரியும். மோட்டார் உள்ளவர்கள் அது உண்மையில் சுற்றுகிறதா என்று பாருங்கள். தட்டின் விளிம்பு பெட்டியில் உரசி நிற்பது உண்டு. மோட்டார் இரைவதால் மட்டும் முட்டை புரள்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

18ஆம் நாள் புரட்டலை நிறுத்தி, இப்போது தண்ணீர் விடுங்கள். கடைசி மூன்று நாளுக்கு 65 முதல் 70 சதவீதம் வேண்டும். மூடியைத் திறக்காமல் விடுவதற்கு, காற்றுத் துளை வழியே மெல்லிய குழாயை முன்கூட்டியே தொட்டிக்கு இறக்கி வைத்தால் சிறிஞ்சால் இளஞ்சூட்டுத் தண்ணீர் விடலாம். ஈரம் நிற்கட்டும் என்று காற்றுத் துளையை அடைக்காதீர்கள். குஞ்சுக்கு மிக அதிகமாக ஒட்சிசன் தேவைப்படும் நேரம் அதுதான்.

கொத்திவிட்டு நின்றுவிட்டது

"அண்ணை, நேற்றுப் பின்னேரம் கொத்தினது, இன்னும் அப்படியே கிடக்கு. உடைச்சு விடட்டோ?"

"உள்ளுக்க கத்துதோ?"

"ஓம், இடைக்கிடை கத்துது."

"அப்ப விடுங்கோ தம்பி. மூடியில கை வையாதேங்கோ."

முதல் விரிசலுக்கும் வெளியே வருவதற்கும் இடையே 12 முதல் 24 மணி நேரம் போவது இயல்பு. அந்த நேரத்தில் குஞ்சு சும்மா கிடக்கவில்லை. சவ்வின் இரத்தத்தை உள்ளே இழுக்கிறது, மிச்ச மஞ்சட்கருவை வயிற்றுக்குள் எடுக்கிறது. அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் பீறிடும், மஞ்சட்கரு வெளியே தொங்கும். ஒரு குஞ்சுக்கு உதவப்போய் மூடியைத் திறந்தால், கொத்திக்கொண்டிருக்கும் மற்றவற்றின் சவ்வும் காய்ந்து இறுகும். எனவே ஒன்றுக்கு உதவி, ஐந்துக்குக் கேடு.

24 மணி நேரம் தாண்டி, விரிசல் ஒரு மில்லிமீற்றரும் நகரவில்லை, சத்தமும் தளர்கிறது என்றால் தலையிடலாம். கையைக் கழுவி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் நனைத்த துணியால் முட்டையைப் பிடித்து, விரிசலிலிருந்து மொத்த முனையைச் சுற்றி ஓட்டை மட்டும் சிறிது சிறிதாகக் கழற்றுங்கள். சவ்வைக் காதுக்குச்சியால் நனையுங்கள். சிவப்பு நரம்பு தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, ஈரத்துணியோடு உள்ளே வைத்து மூன்று நான்கு மணி நேரம் விடவேண்டும். சவ்வு வெள்ளையாக, இரத்தம் இல்லாமல் இருந்தால் தலை வெளியே வரும் அளவுக்குத் திறந்துவிட்டுக் கடைசி உதையைக் குஞ்சுக்கே விடுங்கள்.

19ஆம் நாளே பொரிக்கிறது, அல்லது 22 தாண்டியும் ஒன்றுமில்லை

முதலில் நாளை எண்ணின விதம் சரியா? வைத்த நாள் சைபர். திங்கள் பின்னேரம் வைத்தால் மூன்று கிழமை கழித்து வரும் திங்கள் பின்னேரம்தான் 21 நாள். ஞாயிறு காலையில் பதறத் தேவையில்லை.

எண்ணிக்கை சரியாக இருந்தும் முந்தி வந்தால், தொப்புள் ஆறாமல், சின்னதாக, இரத்தக் கறையோடு வந்தால் சூடு கூட. பிந்தி வந்து, வயிறு பெருத்து, எழும்ப மாட்டாமல் கிடந்தால் சூடு குறைவு. குறுங்கோழி முட்டைகள் மட்டும் ஒரு நாள் முந்துவது இயல்பு. சில முந்தி, சில பிந்தி, மூன்று நாள் இழுத்துக்கொண்டு பொரித்தால் பெட்டிக்குள் சூடு சமமில்லை, அல்லது பழசும் புதுசுமாக முட்டை கலந்திருக்கிறது.

நாற்றம்

கூழ்முட்டை. உடனே மோந்து பார்த்துக் கண்டுபிடித்து, பையில் கட்டி வெளியே எடுங்கள். உள்ளே வெடித்தால் கிருமி எல்லா முட்டைக்கும் போகும். அழுக்கு முட்டையை வைக்காமலிருப்பதே மருந்து. குளிர் தண்ணீரில் கழுவினால் நுண்துளை வழியே அழுக்கு உள்ளே உறிஞ்சப்படும், கழுவாததைவிட மோசம். கொஞ்சம் எச்சம் என்றால் காய்ந்தபின் மெல்லச் சுரண்டிவிடலாம்.

கரண்ட் போய்விட்டது

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்தது என்று சொல்லி நாடு முழுக்க இருண்டது. இதை எதிர்பார்த்தே வைக்கவேண்டும்.

நல்ல செய்தி, குளிர் முட்டையைச் சட்டென்று கொல்லாது. தாய்க்கோழியும் தீனிக்கு எழும்பிப் போகிறதே. கொழும்பின் அறை வெப்பமும் அதிகம் இறங்குவதில்லை. இரண்டு மணி நேரம் போனாலும் மூடியைத் திறக்காமல், துவாய் ஒன்றைச் சுற்றிப் போட்டால் போதும். காற்றுத் துளை மூடுபடக்கூடாது. நான்கு மணி நேரம் தாண்டினால் 45 பாகைக்குக் கிட்டச் சூடான தண்ணீரைப் போத்தலில் நிரப்பித் துணி சுற்றி, முட்டையில் படாமல் உள்ளே வையுங்கள். கடைசி வாரத்தில் முட்டைகள் தாமே சூடு தரும். அப்போது ஃபேன் நின்றால் குளிரைவிட மூச்சுக்காற்றுத்தான் கவலை, எனவே மூடியை ஒரு விரல் இடைவெளி விட்டு வைக்கலாம். வீட்டில் ரூட்டருக்கு வாங்கின 12 வோல்ட் சின்ன யூ.பி.எஸ். இருந்தால் அது பல்பை இழுக்காது, 12 வோல்ட் ஃபேனை மட்டும் ஓட்டும். அதுவே பெரிய உதவி.

கரண்ட் வந்ததும் நாளைக் கூட்டி எண்ணாதீர்கள். நீண்ட வெட்டு என்றால் பொரிப்பு அரை நாள், ஒரு நாள் பிந்தலாம். 23ஆம் நாள் வரை முட்டையை வீசாதீர்கள்.

பொரித்த குஞ்சை எறும்பு மொய்க்கிறது

முதல் விரிசலின் வாடைக்கே நெருப்பெறும்பு வரும். ஈரமான குஞ்சின் கண்ணையும் தொப்புளையும்தான் தேடிப் போகும். 18ஆம் நாளே பெட்டியை ஒரு ஸ்டூலில் ஏற்றி, நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்துவிடுங்கள். வயர் தொங்கும் வழியாகவும் ஏறும், அதில் கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவலாம். எறும்பு மருந்து தெளிப்பது வேண்டாம், ஃபேன் அதை உள்ளே இழுக்கும்.

குஞ்சு வந்தது, ஆனால் கால் விரிந்திருக்கிறது

வழுக்கும் தரை. பிளாஸ்டிக் தட்டின் மேலும் பத்திரிகைத் தாளின் மேலும் குஞ்சு கால் ஊன்ற முடியாது. சொரசொரப்பான துணி அல்லது சமையலறை அலுமாரிக்கு விரிக்கும் ரப்பர் வலை விரியுங்கள். ஏற்கெனவே விரிந்திருந்தால், ஒட்டும் பிளாஸ்டரை மெல்லிய நாடாவாக வெட்டி இரண்டு காலையும் இயல்பான இடைவெளியில் சேர்த்துக் கட்டுங்கள். முதல் நாளிலேயே கட்டினால் இரண்டு மூன்று நாளில் நேராகும். ஒரு வாரம் விட்டால் எலும்பு அப்படியே இறுகிவிடும்.

பொரித்த குஞ்சைத் தீனிக்காக அவசரமாக எடுக்கவும் வேண்டாம். வயிற்றிலிருக்கும் மஞ்சட்கரு இரண்டு நாளுக்குப் போதும். மயிர் காய்ந்து புசுபுசுவென்றானபின் எடுக்கலாம். முதல் வாரம் 32 முதல் 35 பாகை. கொழும்பின் பகலில் பல்ப் போட்ட பெட்டி இதைத் தாண்டிவிடும். குஞ்சுகள் சொண்டைத் திறந்து, பல்புக்கு எதிர் மூலையில் ஒதுங்கினால் பல்பை உயர்த்துங்கள். ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கத்தினால் இறக்குங்கள்.

அடுத்த தொகுதிக்கு முன் தட்டு, தொட்டி, ஃபேன் சிறகு எல்லாவற்றையும் சவர்க்காரத் தண்ணீரில் துடைத்து, பிறகு நீர் கலந்த குளோரினால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். வெப்ப உணரியில் ஒட்டியிருக்கும் குஞ்சு மயிரையும் கழற்றுங்கள். அந்தப் பஞ்சு மூடியிருந்தால் உணரி மந்தமாகும், சூடு மறுபடி ஊஞ்சலாடும். மழை மாதத்தில் வெயிலை எதிர்பார்க்காமல் முட்டை இல்லாத பெட்டியையே ஒரு நாள் ஓடவிட்டுக் காயவைக்கலாம். பொலித்தீன் பைச் சோதனையையும் அன்றைக்கே முடித்துவிடுங்கள்.